36 வயதில், 12 வருட இடைவெளிக்குப் பிறகு, மறுபடி போல் வால்ட் (கம்பூன்றித் தாண்டுதல்) தொடங்கலாமா?

தொடங்கலாம். நான் 37 வயதில் தொடங்கினேன், 14 வருடம் கழித்து.

கேள்வி கேட்டவர் கல்லூரியில் 3.80 மீட்டர் தாண்டியவராம். பழைய கம்பு, அதாவது போல், இன்னும் வீட்டில் இருக்கிறது, அதை எடுத்துக்கொண்டு நேரே மைதானத்துக்குப் போகலாமா, பயம் போகுமா என்றும் கேட்டிருக்கிறார். போல் பற்றிய கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேண்டாம். அது இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும்.

என் போல் 12 அடி, 120 பவுண்டு. கல்லூரி சீனியர் அக்கா ஒருவரிடம் பாதி விலைக்கு வாங்கியது. 2009-ல் வேலை, கல்யாணம் என்று வரிசையாக வந்தபோது அம்மா வீட்டுத் தாழ்வாரத்தில் இரண்டு கொக்கிகளில் அதைப் படுக்கவைத்துவிட்டு வந்தேன். 2023-ல் எடுக்கப் போனால் அப்பாவின் வேட்டி அதில் காய்ந்துகொண்டிருந்தது. 14 வருடமாக அதுதான் வீட்டுக்குத் துணிக்கொடி. அம்மாவுக்கு அதில் ஒரே பெருமை. "எவ்வளவு ஈரத்துணி போட்டாலும் வளையாது பாரு" என்றார். வளைவதற்கென்றே செய்த பொருளுக்கு இப்படி ஒரு நற்சான்றிதழ்.

துடைத்து எடுத்துக்கொண்டு என் பழைய மாஸ்டரிடம் போனேன். ஓய்வு பெற்றுவிட்டார், ஆனால் காலையில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பதை மட்டும் விடவில்லை. போலை மடியில் வைத்து ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கட்டைவிரலால் தடவிக்கொண்டே போனார். ஓரிடத்தில் விரல் நின்றது. கொக்கி உரசிய இடம், நகக்கீறல் அளவுதான் இருக்கும். "இதைத் துணிக்கே விட்டுடும்மா" என்றார்.

ஃபைபர் கிளாஸ் போலில் பாரத்தைத் தாங்குவது உள்ளே ஓடும் கண்ணாடி இழைகள்தான். கீறலோ, ஸ்பைக் ஷூ மிதித்த தடமோ, எங்காவது மோதிய வடுவோ இருந்தால் அந்த இடத்தில் இழைகள் அறுந்திருக்கும். போல் வளையும்போது அழுத்தம் அங்கே போய்க் குவியும். முன்கூட்டி எந்த அறிகுறியும் காட்டாது. பட்டென்று உடையும், அதுவும் நீங்கள் தலைகீழாக இருக்கும்போது.

சரி, கீறலே இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் அது எனக்கான போல் இல்லை. 120 பவுண்டு என்று அதில் எழுதியிருப்பது போலின் எடை அல்ல, அது யாருக்கானது என்கிற கணக்கு. சுமார் 54 கிலோ. கல்லூரியில் நான் 52 கிலோ. இப்போது 62. அந்த எடையோடு நல்ல வேகத்தில் ஓடிவந்து 120 பவுண்டு போலை ஊன்றினால் அது அளவுக்கு மீறி வளையும், உடையவும் உடையலாம். அப்படியானால் 140 பவுண்டு போல் எடுக்க வேண்டும். ஆனால் 140-ஐ வளைக்க வேகம் வேண்டும், அந்த வேகம் என்னிடம் இல்லை. எடை கூடிவிட்டது, வேகம் குறைந்துவிட்டது, இரண்டும் எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன. திரும்பி வருகிற எல்லாருக்கும் முதல் சிக்கல் இதுதான். வயது, எலும்பு என்று ஊர் பயமுறுத்துவதெல்லாம் அப்புறம்.

வேகம் குறைந்தால் எவ்வளவு போகும் என்பதற்கு ஒரு பள்ளிக்கூடக் கணக்கு இருக்கிறது. வேகத்தின் வர்க்கத்தை 19.6-ஆல் வகுங்கள். விநாடிக்கு 7 மீட்டர் வேகத்தில் ஓடுபவரின் ஓட்டம் முழுக்க உயரமாக மாறினால் 2.5 மீட்டர் கிடைக்கும். 6 மீட்டர் வேகமென்றால் 1.84 தான். நம் உடலின் எடை மையம் நிற்கும்போதே ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அதைக் கூட்டிக்கொள்ளலாம். ஆனால் விநாடிக்கு ஒரே ஒரு மீட்டர் வேகம் குறைந்ததில் 66 சென்டிமீட்டர் போய்விட்டது, பாருங்கள். எந்த உத்தியும் அதை முழுதாகத் திருப்பித் தராது.

மாஸ்டர் கொடுத்தது 11 அடி, 140 பவுண்டு போல். கூடவே ஒரு நிபந்தனை: ஒரு மாதம், தாண்டி விழுகிற மெத்தைப் பக்கமே வரக்கூடாது. நீளம் தாண்டும் மணல் குழியில், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளோடு நின்றேன். நாலு ஸ்டெப் ஓடி, போலை மணலில் ஊன்றி, கையை நேராக மேலே நீட்டித் தொங்கியபடி அந்தப் பக்கம் போய்க் காலில் இறங்க வேண்டும், அவ்வளவுதான். முதல் நாள் ஒரு பொடியன் என்னைப் பார்த்து, "அக்கா, மேல் கை மடங்குது" என்றான். மடங்கிக்கொண்டுதான் இருந்தது. பல்கலைக்கழகப் போட்டியில் பதக்கம் வாங்கியவள் நான் என்று அவனிடம் சொல்ல வாய் வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன்.

உடம்பைப் பற்றி இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன். மூச்சு, தெம்பெல்லாம் ஆறேழு வாரத்தில் ஓரளவு திரும்பிவிடும். தசைநார்கள் அவ்வளவு சீக்கிரம் வராது. ஐந்தாவது வாரத்தில் எனக்கு நன்றாக இருந்தது, அதுதான் ஆபத்து. பழைய நினைப்பில் ஸ்பைக்கை மாட்டிக்கொண்டு 40 மீட்டர் முழு வேகத்தில் ஓடினேன். பின்தொடை பிடித்துக்கொண்டது, ஒரு மாதம் வீண். கெண்டைக்கால், குதிகால் தசைநார், பின்தொடை மூன்றுக்கும் நீங்கள் நினைப்பதைவிட இரண்டு மடங்கு காலம் கொடுங்கள். இன்னொன்று பெண்களுக்கு. பிரசவத்துக்குப் பிறகு முதல்முறை வேகமாக ஓடிக் குதித்த அன்று நேராகக் கழிப்பறைக்குத்தான் ஓடினேன். இதை யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. இடுப்பின் அடித்தளத் தசைகள் தளர்ந்திருப்பதால் வருவது அது, அதற்கென்று பயிற்சிகள் இருக்கின்றன. பிசியோதெரபிஸ்டிடம் வெட்கப்படாமல் கேளுங்கள். எனக்கு மூன்று மாதத்தில் சரியானது.

இப்போது பயம்.

மெத்தைக்கு வந்த முதல் வாரத்தில் ஒரு தப்பு செய்தேன். மாஸ்டர் அந்தப் பக்கம் பிள்ளைகளோடு இருந்தார். கல்லூரியில் போலின் அடியிலிருந்து 3.40 மீட்டரில் பிடித்த கை இது, 3.20 என்றால் இறங்கித்தானே பிடிக்கிறோம் என்று நானாக நினைத்துக்கொண்டேன். ஆறு ஸ்டெப் ஓடி, பாக்ஸில் (ரன்வே முடிவில் போலை ஊன்றும் பள்ளம்) ஊன்றி, கிளம்பினேன். போல் எழுந்தது. எழுந்து, நேராக நிமிர்வதற்குள் நின்றுவிட்டது. அந்த ஒரு கணம் காற்றில் அசையாமல் தொங்குவது எப்படி இருக்கும் என்றால், மாடிப்படி இன்னும் ஒன்று இருக்கிறது என்று காலை வைத்து, இல்லாமல் போகுமே, அந்த மாதிரி. அப்புறம் மெதுவாகப் பின்னால் வந்தது. மெத்தைக்குப் போக வேண்டியவள் ரன்வேயிலேயே வந்து இறங்கினேன். கணுக்கால் லேசாகப் பிசகியதோடு போனது என் அதிர்ஷ்டம்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் ஒவ்வொரு முறையும் கடைசி ஸ்டெப்பில் கால் தானாக நின்றது. ஓடுவேன், போலை இறக்குவேன், பாக்ஸ் கண்ணில் படும், நின்றுவிடுவேன். என் பெண்ணுக்கு அப்போது ஒன்பது வயது, ஒருநாள் வேடிக்கை பார்க்க வந்திருந்தாள். "அம்மா, கம்பை எடுத்துட்டு ஓடிப்போய் நிக்கறதுதான் உன் கேமா?" என்று கேட்டாள். அவள் கிண்டல் செய்யவில்லை, உண்மையாகவே விதிமுறை கேட்டாள்.

தைரியம் வரவழைக்க நான் எதையெல்லாமோ செய்து பார்த்தேன். கண்ணை மூடிக் கற்பனை செய்தேன், பாட்டுக் கேட்டேன். மாஸ்டர் ஒருநாள் வந்து போலில் சுற்றியிருந்த டேப்பைப் பிரித்து, ஒன்றரைச் சாண் கீழே சுற்றினார். "இங்க பிடி" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. அன்றைக்கு நான் நிற்கவில்லை. அடுத்த நாளும் நிற்கவில்லை.

யோசித்துப் பார்த்தால் என் கால் சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறது. இந்த வேகத்துக்கு அந்தப் பிடி நிமிராது என்று அதற்குத் தெரிந்திருந்தது, எனக்குத்தான் தெரியவில்லை. போல் நிமிர்ந்து உங்களை மெத்தைக்குள் கொண்டுபோகுமா என்பதைத் தீர்மானிப்பது பிடியின் உயரமும் வேகமும். பிடி ஏற ஏற வேகமும் ஏற வேண்டும். ஆகவே பயம் போகுமா என்று கேட்டவருக்கு என் பதில்: பிடியை இறக்குங்கள். கால் நிற்காமல் போகிற இடம்வரை இறக்குங்கள். அது 2.40 என்றால் 2.40. அங்கிருந்து ஒரு வாரத்துக்கு இரண்டு விரல் அகலம் ஏற்றினால் போதும். தாழ்வாகப் பிடித்தால் போல் வளையாது, மரக்கட்டை மாதிரி இருக்கும். அதனால் என்ன? வளைவு இல்லாமலேயே ஊன்றல், தொங்கல், காலை வீசல் எல்லாம் கற்கலாம். முன்னொரு காலத்தில் மூங்கிலை வைத்து உலக சாதனை செய்திருக்கிறார்கள்.

பிடி பற்றி இன்னொரு கணக்கு. பாக்ஸ் 20 சென்டிமீட்டர் ஆழம். ஆகவே 2.70-ல் பிடித்தால் தரையிலிருந்து உங்கள் மேல் கை 2.50 உயரத்தில்தான் இருக்கும். கல்லூரியில் நான் 3.40-ல் பிடித்து 3.20 தாண்டினேன், அதாவது சரியாகக் கை உயரம். ஸ்வீடன் வீரர் டுப்லாண்டிஸ் போன்றவர்கள் தங்கள் கைக்கு ஒரு மீட்டருக்கும் மேலே தாண்டுகிறார்கள். நாமெல்லாம் பிடியை உயர்த்தித்தான் உயரம் ஏற முடியும் என்று நினைக்கிறோம். இடைவெளிக்குப் பிறகு வருபவருக்கு அந்த நினைப்பு கூடவே கூடாது.

பழைய நோட்டுப் புத்தகம் இருந்தால் அதையும் மூடி வையுங்கள். என்னுடையதில் 14 ஸ்டெப் ரன்-அப்புக்கு எங்கே செக் மார்க் வைக்க வேண்டும் என்று சென்டிமீட்டர் சுத்தமாக எழுதியிருந்தது. இப்போது என் ஒரு ஸ்டெப்பே சுருங்கிவிட்டது. பழைய மார்க்கிலிருந்து ஓடினால் பாக்ஸை எட்ட கடைசி இரண்டு ஸ்டெப்பை இழுத்து இழுத்து வைக்க வேண்டியிருக்கும், அதில் வேகமெல்லாம் போய்விடும். ஆறு ஸ்டெப்புக்குப் புதிதாக அளந்துகொள்ளுங்கள்.

திரும்பி வந்தவர்களின் கதை என்று எல்லாரும் ரஷ்ய வீராங்கனை இசின்பயேவாவைச் சொல்வார்கள். 2010-ல் கொஞ்ச காலம் ஓய்வு என்று ஒதுங்கியவர், 2012-ல் ஸ்டாக்ஹோமில் 5.01 தாண்டி உள்ளரங்க உலக சாதனை செய்தார், 2013-ல் மாஸ்கோவில் உலகத் தங்கம் வாங்கினார், 2014-ல் குழந்தை பெற்று, 2016-ல் மறுபடி 4.90 தாண்டினார். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் தொழிலே அதுவாக இருப்பவரின் இடைவெளியும், கணக்குப் பிரிவில் நாற்காலி தேய்த்த என் இடைவெளியும் ஒன்றல்ல. என்னை இழுத்தது வேறு. எங்கள் காலத்தில் வி.எஸ். சுரேகா தாண்டுவதை அண்ணாந்து பார்ப்போம், 2014-ல் அவர் 4.15 தாண்டியது தேசிய சாதனை. 2022 தேசிய விளையாட்டுப் போட்டியில், காந்திநகரில், ரோஸி மீனா 4.20 தாண்டி அதை முறியடித்தார். அதே போட்டியில் ஆண்களில் சிவா 5.31. இரண்டு பேரும் தமிழ்நாட்டுக்காரர்கள். அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் செல்போனில் அந்தத் தாண்டலைப் பார்த்தேன். டப்பாவைத் திறக்காமலேயே மூடிவைத்தேன்.

மைதானம் தேடும்போது மெத்தையைக் கண்ணால் நம்பாதீர்கள். மேலே ஏறி முழங்காலால் அழுத்திப் பாருங்கள். நான் முதலில் போன ஓரிடத்தில் இரண்டு துண்டு மெத்தைக்கு நடுவே ஒரு முழம் இடைவெளி, மேலே தார்ப்பாய் போர்த்தி மறைத்திருந்தது. சின்னப் போட்டிகளுக்கே 5 மீட்டருக்கு 5 மீட்டர் இருக்க வேண்டும் என்பது விதி. பாக்ஸைச் சுற்றி மெத்தை அணைத்தபடி இருக்கிறதா என்று பாருங்கள். பாரை, அதாவது தாண்ட வேண்டிய குறுக்குக் கம்பியைத் தாங்கும் ஸ்டாண்டைக் கடைசி வரை, அதாவது 80 சென்டிமீட்டர் பின்னால் தள்ளி வைத்துப் பழகுங்கள். பார் உள்ளே இருந்தால் உடம்பும் மெத்தைக்கு உள்ளே போகத்தான் பார்க்கும். பாருக்குப் பதில் முதலில் எலாஸ்டிக் கயிறு போதும்.

போன வருடம் 35 வயதுக்கு மேற்பட்டோருக்கான மூத்தோர் தடகளப் போட்டி ஒன்றில் கலந்துகொண்டேன். என் பிரிவில் மொத்தம் மூன்று பேர். 2.00 முதல் முயற்சியில், 2.20 மூன்றாவதில். 2.40-ல் மூன்று முறையும் பாரைத் தட்டினேன், கடைசி முறை நெஞ்சு உரசித்தான் விழுந்தது. என் கல்லூரி அளவுக்கு ஒரு மீட்டர் குறைவு. அன்றிரவு தூக்கம் வரவில்லை, 2.40-ஐத் தட்டியது பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது எட்டு ஸ்டெப், பிடி 2.85. மாஸ்டர் 12 அடி போல் பற்றி இன்னும் பேச்சே எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. அம்மாதான் போன வாரம் கேட்டார், இந்த 11 அடி எப்போது பழசாகும் என்று. பின்கட்டில் மழைக்காலத்துக்கு இன்னொரு கொடி வேண்டுமாம்.