உதடு ஏன் வறண்டு வெடிக்கிறது, அதற்கு என்ன செய்யலாம்?

உதட்டின் மேல்தோல் ஈரத்தை இழந்து சுருங்கி, செதில் செதிலாக உரிந்து, சில இடங்களில் பிளவுபடுவதையே உதடு வெடிப்பு என்கிறோம். உதட்டின் மேலடுக்கு முகத்தின் மற்றப் பகுதிகளைவிட மிக மெல்லியது. அங்கே எண்ணெய்ச் சுரப்பிகள் அநேகமாக இல்லை. பேரணாம்பட்டு, ஆம்பூர் தோல் பதனிடும் தொழிற்சாலைகளில், பதனிட்ட தோலுக்குக் கொழுப்பு ஏற்றாமல் உலரவிட்டால் அது விறைத்து, மடிக்கும்போது வெடிக்கும் என்பது அங்கு வேலை செய்பவர்களுக்குத் தெரியும்; உதட்டின் நிலையும் ஏறத்தாழ அதுதான். வேலூரின் கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டி அனல் காற்றும் வீசும்போது இது எளிதில் நேர்கிறது.

நாக்கால் நனைப்பதே பெரும்பாலும் முதன்மையான கெடுதல். எச்சில் ஆவியாகும்போது உதட்டின் ஈரமும் உடன் போகிறது. அதிலுள்ள செரிமான நொதிகளோ தோலை அரிக்கின்றன.

முகம் கழுவியதும், ஈரம் முழுதும் காயுமுன், மணமற்ற பெட்ரோலியம் ஜெல்லியைத் தடவுங்கள். இரவில் கட்டாயம் தடவுங்கள். தேங்காய் எண்ணெயும் உதவும், ஆனால் விரைவில் வழிந்துவிடும். கற்பூரமும் மெந்தாலும் கலந்த தைலங்கள் குளிர்ச்சி தந்தாலும் எரிச்சலைக் கூட்டக்கூடும். உரியும் தோலைப் பிய்க்க வேண்டாம். வெயிலில் செல்வோருக்கு எஸ்பிஎஃப் (வெயிலிலிருந்து காக்கும் திறனின் அளவு) 30 உள்ள உதட்டுத் தைலம் நல்லது. இரண்டு மூன்று வாரங்களாகியும் ஆறாவிட்டாலோ, வாயோரங்கள் வெடித்தாலோ மருத்துவரைப் பாருங்கள். பூஞ்சைத் தொற்றோ இரும்புச்சத்துக் குறைவோ காரணமாக இருக்கலாம்.

தொப்புளில் எண்ணெய் வைத்தால் உதடு வெடிக்காது என்று பலர் நம்புகிறார்கள். தொப்புளிலிருந்து உதட்டுக்கு எண்ணெய் செல்ல உடலில் எந்த வழியும் இல்லை.