கட்டணம் கேட்கும் விருதும் துறை தரும் சான்றும்

கேள்வி: கடலூரைச் சேர்ந்த நான், புதுச்சேரியில் முழுநேர ஆய்வு மாணவியாக இருக்கிறேன். முதுகலை மாணவர்களுக்கு ஆய்வக வகுப்பு எடுப்பதோடு அவர்களுடைய பயிற்சி ஏடுகளையும் திருத்தித் தருகிறேன். ஆசிரியர் தினத்தையொட்டி, ‘சிறந்த கற்பித்தல் உதவியாளர்’ என்ற தேசிய விருதுக்கு நான் தேர்வாகியிருப்பதாக ஓர் அமைப்பிலிருந்து மின்னஞ்சல் வந்தது. கட்டணம் 4,500 ரூபாய். முன்பணம் 1,000 ரூபாய் கட்டிவிட்டேன். உதவிப் பேராசிரியர் பணிக்கு இது உதவுமா? எங்கள் துறையிலும் இத்தகைய விருது ஒன்றைத் தொடங்கப் போவதாக நெறியாளர் சொல்கிறார். எது பயன் தரும்?

பதில்: மீதி 3,500 ரூபாயைக் கட்டாதீர்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, உதவிப் பேராசிரியர் பணிக்கான நேர்காணலுக்கு யாரை அழைப்பது என்று முடிவு செய்யும் பட்டியலில் விருதுக்கு மதிப்பெண் உண்டு என்பது உண்மைதான். தேசிய அல்லது சர்வதேச விருதுக்கு 3, மாநில விருதுக்கு 2. ஆனால் தேசிய விருது என்றால் சர்வதேச நிறுவனமோ, இந்திய அரசோ, இந்திய அரசு அங்கீகரித்த தேசிய அமைப்போ தந்ததாக இருக்க வேண்டும். மாநில விருது என்றால் மாநில அரசே தந்திருக்க வேண்டும். கேடயத்தில் ‘தேசிய’ என்று பொறித்திருப்பதை எந்தக் குழுவும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

‘அரசு அங்கீகாரம் பெற்றது’ என்று அந்த அமைப்பின் கடிதத்தாளிலேயே அச்சிட்டிருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். அந்த வரிக்குக் கீழே சிறிய எழுத்தில் உள்ளதைப் படித்துப் பாருங்கள். சங்கப் பதிவு எண், தொண்டு நிறுவனங்கள் பதிவு செய்துகொள்ளும் நிதி ஆயோக்கின் தர்ப்பண் தளத்தில் பெற்ற எண், ஐ.எஸ்.ஓ. தரச் சான்று, சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு என்று வரிசையாக இருக்கும். இவை எல்லாம் வெறும் பதிவுகளும் தரச் சான்றும்தான். இவற்றில் ஒன்றுகூட அங்கீகாரம் ஆகாது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975 இன் கீழ் ஒரு தெருவின் குடியிருப்போர் நலச் சங்கமும் பதிவு பெறலாம். அதற்காக அது தரும் பரிசு அரசு விருதாகிவிடாது. இந்த வணிகத்தில் இடைத்தரகர்களும் இருக்கிறார்கள். ‘ஒருங்கிணைப்பாளர்’ என்ற பெயரில் கல்லூரி கல்லூரியாகப் பெயர்களைத் திரட்டித் தந்து, தலைக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொள்கிறார்கள். விண்ணப்பிக்காமலே தேர்வானதாகச் சொல்வதும், விழா நெருங்கும் நேரத்தில் சான்றிதழ் அச்சுக்கு, சால்வைக்கு, உடன் வருபவரின் உணவுக்கு என்று தனித்தனியாகப் பணம் கேட்பதும் இவர்களுடைய வழக்கம். நேர்காணலில் அத்தகைய சான்றிதழை நீட்டினால், குழுவில் இருப்பவர்களுக்கு அதன் விலை தெரிந்திருக்கும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் அதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஒவ்வோர் ஆண்டு கற்பித்தல் அனுபவத்துக்கும் 2 மதிப்பெண் வீதம் 10 வரை பெறலாம். ஆனால் முனைவர் பட்டம் பெறுவதற்கு எடுத்துக்கொண்ட காலம் பணி நியமனத்துக்கான அனுபவமாகக் கருதப்படாது என்று அதே விதிமுறைகள் சொல்கின்றன. ஆகவே நீங்கள் எடுத்துவரும் ஆய்வக வகுப்புகளுக்கு அந்தப் பட்டியலில் மதிப்பெண் இல்லை. இதற்கு விலக்கு ஒன்று உண்டு. ஏற்கெனவே ஒரு கல்லூரியில் ஆசிரியராகப் பணியாற்றிக்கொண்டே, எவ்வித விடுப்பும் எடுக்காமல் ஆய்வு செய்தவருக்கு அந்தப் பணிக்காலம் அனுபவமாகக் கணக்கிடப்படும். உதாரணமாக, விருத்தாசலத்தில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே பகுதிநேரமாக ஆய்வு செய்யும் ஒருவருக்கு இது பொருந்தும். அவரே ஆய்வுக்காக ஓராண்டு விடுப்பில் போயிருந்தால் அந்த ஓராண்டுக்குப் பொருந்தாது. ஊதியம் இல்லாத விடுப்புதானே என்று வாதிட முடியாது, ஏனெனில் விதியில் உள்ள சொல் ‘எவ்வித விடுப்பும்’ என்பதுதான். முழுநேர ஆய்வு மாணவியான உங்களுக்கு இந்த விலக்கு இல்லை. ஆய்வு மாணவர்களுக்கு வாரத்துக்கு 4 முதல் 6 மணி நேரம் வரை கற்பித்தல் உதவிப் பணி தரலாம் என்று 2022 ஆம் ஆண்டின் முனைவர் பட்ட விதிமுறைகளில் எழுதிய அதே மானியக் குழு, அந்த உழைப்புக்கு ஒரு மதிப்பெண்கூட ஒதுக்கவில்லை. ஒன்றிய அரசின் தேசிய நல்லாசிரியர் விருது உயர்கல்விக்கும் விரிவாக்கப்பட்டபோதும், நிரந்தரப் பணியில் இருப்பவர்கள் மட்டுமே அதற்குத் தகுதி பெற்றார்கள். மதிப்பெண் தரும் விருது உங்கள் நிலையில் உள்ளவருக்குக் கிடையாது, கிடைக்கக்கூடிய விருதுக்கு மதிப்பெண் கிடையாது என்பதே நடைமுறை. இதை வகுத்தவர்கள் ஒருமுறையாவது ஆய்வக வகுப்பில் நின்றிருந்தால் நன்றாக இருக்கும்.

துறை விருதுக்கும் பட்டியலில் மதிப்பெண் கிடைக்காதுதான். ஆனால் அந்த மதிப்பெண் அழைப்பு வரும் வரைக்குமே. இறுதித் தேர்வு நேர்காணலை வைத்தே நடக்கிறது. அங்கே விவரம் உள்ள துறைச் சான்று பேசும். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் கற்பித்தல் உதவியாளர்களுக்குத் தரும் பாராட்டுச் சான்றிதழ் மாணவர்களின் மதிப்பீட்டை அடிப்படையாகக் கொண்டது. உங்கள் நெறியாளரிடம் அந்த வழியையே சொல்லுங்கள்: பருவத்தின் தொடக்கத்திலேயே தேர்வு முறையைச் சுற்றறிக்கையாக வெளியிட வேண்டும், மாணவர்களிடம் பெயர் குறிப்பிடாத கருத்துப் படிவம் வாங்க வேண்டும், பாடத்துக்குப் பொறுப்பான பேராசிரியர் ஒரு வகுப்பையாவது நேரில் பார்த்து எழுத வேண்டும், தன் ஆய்வு மாணவர் போட்டியில் இருந்தால் நெறியாளர் குழுவில் இருக்கக் கூடாது. கடைசி நிபந்தனையை அவர் விரும்பமாட்டார், ஆனாலும் சொல்லுங்கள்.

விருது வருகிறதோ இல்லையோ, பாடத்தின் பெயர், பருவம், வார மணி நேரம், மாணவர் எண்ணிக்கை, நீங்களே எழுதிய ஆய்வகக் குறிப்புகள் ஆகியவற்றைக் குறிப்பிடும் சான்றை இந்தப் பருவம் முடிவதற்குள் துறைத்தலைவரின் கையொப்பத்துடனும் முத்திரையுடனும் பெற்றுக்கொள்ளுங்கள். தலைவர் மாறிவிட்டால் பழைய பருவத்துக்குப் புதியவர் கையெழுத்திடத் தயங்குவார். கட்டிய 1,000 ரூபாயைத் திருப்பித் தருமாறு மின்னஞ்சலிலேயே எழுதிக் கேளுங்கள். அனேகமாக வராது. பதிலுக்கு, பாதிக் கட்டணத்தில் வேறொரு விருது தருவதாகச் சொல்வார்கள், அதையும் மறுத்துவிடுங்கள்.