லண்டன் சந்தாக் காரும் ஒட்டுசுட்டான் வீதியும்

கேள்வி: கிளிநொச்சியில் ஒப்பந்த வேலை, இன்னும் 18 மாதம் இருக்கிறது. தினமும் போய்வர 100 கிலோமீற்றர் அளவில் வரும். லீசிங்கில் கார் எடுப்போமென்றால், லண்டன் அண்ணா 'மாதச் சந்தாவுக்கு எடு, வேண்டாமென்றால் திருப்பிக் கொடு' என்கிறார். இங்கே அது சரிவருமா?
- வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: தங்கச்சி, அண்ணா சொல்வது பொய்யில்லை. அங்கே காப்புறுதி, வரி, சர்வீஸ் எல்லாம் மாதக் காசுக்குள் அடங்கும். பெரும்பாலும் எரிபொருள்தான் உங்கள் பாடு. ஆனால் மாதம் எத்தனை மைல் ஓட விடுகிறார்கள் என்று அவரிடமே கேளுங்கள். நீங்கள் 22 நாள் வேலைக்குப் போனாலே 2,200 கிலோமீற்றர். எல்லை தாண்டினால் தனிக்காசு. மின்சாரக் கார்களைச் சந்தாவுக்கு விட்ட ஒன்டோ என்ற கம்பனி, பிரித்தானியாவிலேயே 2023 இல் முறிந்து போனது.

வன்னியில் இதற்குக் கிட்ட வருவது மாத வாடகைக் கார்தான். 2020 இல் நின்ற வாகன இறக்குமதி 2025 இல் திறந்தும் வரி கூரையில் நிற்கிறது. இந்த விலையில், 18 மாத வேலைக்காக ஐந்து வருட லீசிங் கட்டுக்காசில் தலையைக் கொடுக்காதீர்கள். 'இடையில் விற்று முடிக்கலாம்' என்பார்கள். முன்கூட்டி முடிக்க எவ்வளவு கேட்பார்கள் என்று எழுத்தில் வாங்கிப் பாருங்கள், ஆசை பாதி குறையும்.

வாடகைக்கு எடுத்தாலும், தெரிந்தவரின் கார்தானே என்று வாய்ப்பேச்சில் வாங்காதீர்கள். காப்புறுதி வாடகைப் பாவனைக்கு எடுத்ததா என்று பாருங்கள். சொந்தப் பாவனைக்கு எடுத்ததென்றால், இரவில் ஏ-9 வீதியில் மாடு குறுக்கே பாய்ந்த அன்று நட்டம் உங்கள் தலையில் வந்து நிற்கும். இன்னொன்று, அந்தக் காரே லீசிங்கில் இருக்கலாம். என்னோடு வேலை செய்த ஒருவரை மாங்குளம் சந்தியில் சாப்பாட்டுப் பையோடு இறக்கிவிட்டு, லீசிங் கம்பனிக்காரர் காரைக் கொண்டுபோனார்கள். மனுசன் வாடகையை ஒரு நாள் பிந்தாமல் கட்டியவர்! சொந்தக்காரன்தான் கட்டுக்காசு கட்டவில்லை. வாகனப் புத்தகத்தில் கம்பனியின் பெயர் இருந்தால், கடைசியாகக் கட்டின பற்றுச்சீட்டைக் காட்டச் சொல்லுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

கார் கைக்கு வரும்போது நாலு பக்கமும் ரயர்களையும் போனில் வீடியோ எடுங்கள். உங்கள் ஒழுங்கை கிறவல் என்றால் அடிப்பக்கத்தையும்.

முதலில் ஒரு மாதத்துக்கு மட்டும் எடுங்கள். மாங்குளம் வரை மோட்டார் சைக்கிளில் போய், அதை அங்கே விட்டுவிட்டு பஸ் ஏறினால் என்ன செலவு வரும் என்றும் அந்த மாதக் கணக்குக்குப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.