டேங்க் நிரப்பினால் காருக்குள் பெட்ரோல் வாடை: வேறு கார் கேட்க முடியுமா?

கேள்வி: பதினான்கு மாதங்களுக்கு முன் 8.90 லட்சம் ரூபாய்க்குப் புதிய கார் வாங்கினேன். டேங்க் நிறையப் பெட்ரோல் போட்டால், அடுத்த இரண்டு நாட்கள் பின்சீட்டில் உட்கார முடியாத அளவுக்கு வாடை அடிக்கிறது. என் மகள் இரண்டு முறை வாந்தி எடுத்துவிட்டாள். பாதி டேங்க் இருக்கும்போது ஒன்றும் தெரிவதில்லை. மூன்று முறை சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போனேன். ‘கசிவு இல்லை’ என்று எழுதித் திருப்பி அனுப்பினார்கள். இப்போது, ஆட்டோ கட் ஆன பிறகும், அதாவது டேங்க் நிறைந்து பங்கின் குழாய் தானாக நின்ற பிறகும் பெட்ரோல் போட்டதால் வந்த கோளாறு, வாரண்டி செல்லாது என்கிறார்கள். வேறு கார் கேட்டு வழக்குத் தொடரலாமா? – வாசகி, திருச்சி

பதில்: வழக்குத் தொடரலாம், ஆனால் உங்கள் கையில் இப்போது இருக்கும் காகிதங்களை வைத்துத் தொடர வேண்டாம். அதற்கும் முன்பாக ஒன்று: கோளாறு சரியாகும்வரை பாதி டேங்குக்கு மேல் பெட்ரோல் போடாதீர்கள், குழந்தையை அந்தக் காரில் ஏற்றாதீர்கள், காற்றோட்டம் இல்லாத இடத்தில் நிறுத்தாதீர்கள். காருக்கடியில் ஈரமோ சொட்டோ தெரிந்தால் ஸ்டார்ட் செய்யாமல், வண்டியை ஏற்றிச் செல்லச் சொல்லுங்கள்.

டேங்க் நிறைந்தால் மட்டும் வாடை வருகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதுதான் இந்த வழக்கின் உயிர். பெட்ரோலின் மட்டம் உயரும்போது மட்டும் வெளியேறுகிறது என்றால், டேங்கின் மேற்பகுதியில், அதாவது பெட்ரோல் பம்ப் பொருத்தப்பட்ட இடத்தின் ரப்பர் வளையத்திலோ, நிரப்பும் குழாயின் கிளாம்பிலோ, மேலிருக்கும் ஆவிக் குழாயிலோ பிடிப்பு இல்லை என்று பெரும்பாலும் ஊகிக்கலாம். சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஒரு கட்சிக்காரரின் காரில், டேங்க் நிரப்பிய மறுநாள் காலை பின் சீட்டைத் தூக்கி, அதன் கீழிருந்த வட்ட மூடியைத் திறந்து பார்த்தபோது, பம்பைச் சுற்றியிருந்த தூசி ஒரு பக்கம் மட்டும் நனைந்து கறுத்திருந்தது. அதே கார் அதற்கு முன் இரண்டு முறை, கால் டேங்க் பெட்ரோலுடன், ‘கசிவு இல்லை’ என்ற சான்றோடு திரும்பி வந்திருந்தது.

சர்வீஸ் சென்டர் சொல்லும் காரணத்தையும் ஒதுக்கிவிட முடியாது. ஆட்டோ கட் ஆன பிறகும் ரவுண்டாக வரட்டும் என்று பெட்ரோல் போட்டால், ஆவியை மட்டுமே உறிஞ்ச வேண்டிய கரி நிரப்பிய கேனிஸ்டருக்குள் திரவப் பெட்ரோல் புகுந்து அது கெட்டுப்போவது உண்மைதான். அப்போது பெட்ரோல் போட்டவுடன் இன்ஜின் ஸ்டார்ட் ஆகத் திணறுவதும் வழக்கம். ஆகவே இந்த ஒரு சோதனைக்காக மட்டும், சர்வீஸ் சென்டருக்கு மிக அருகிலுள்ள பங்கில், முதல் கட் ஆனதும் நிறுத்தச் சொல்லி நிரப்பி, மீட்டரையும் பில்லையும் வீடியோ எடுத்துக்கொண்டு, கண்ணாடிகளை இறக்கியபடி நேராக அங்கே செல்லுங்கள். அப்படி நிரப்பியும் பம்பின் தலையில் ஈரம் தெரிந்தால், பழியை உங்கள் மேல் போடும் வாதம் நிற்பது கடினம்.

அன்று ஜாப் கார்டில் (சர்வீஸ் சென்டர் உங்கள் புகாரை எழுதிக்கொள்ளும் சீட்டில்) ‘பெட்ரோல் வாடை’ என்ற இரண்டு சொற்களோடு விட்டுவிடாதீர்கள். ‘டேங்க் நிறைந்த நிலையில் வாடை வருகிறது, இதே நிலையில் பம்பின் மேல்மூடியைத் திறந்து சோதிக்க வேண்டும்’ என்று எழுதச் சொல்லுங்கள், மறுத்தால், அதே வாசகத்தை அங்கே நின்றபடியே டீலருக்கும் உற்பத்தியாளருக்கும் மின்னஞ்சலில் அனுப்புங்கள். வாரண்டியை மறுப்பதாக இருந்தால், எந்த நிபந்தனையின்படி, எந்தச் சோதனையின் அடிப்படையில் என்று எழுத்தில் கேளுங்கள். வாய்ச்சொல்லாகச் சொன்ன மறுப்பை நுகர்வோர் குறைதீர் ஆணையத்தின் முன் நிரூபிப்பது சிரமம்.

வேறு கார் கிடைக்குமா என்பதில் உங்களுக்கு வீண் நம்பிக்கை தர நான் விரும்பவில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் பிரிவு 39, குறையை நீக்கவும், பொருளை மாற்றித் தரவும், விலையைத் திருப்பித் தரவும், இழப்பீடு வழங்கவும் உத்தரவிட ஆணையத்துக்கு அதிகாரம் தருகிறது என்றாலும், வாரண்டி பழுதான பாகத்தை மாற்றுவதோடு நிற்கும்போது முழுக் காரையும் மாற்றச் சொல்ல முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2006-இல் ஒரு கார் வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. எனவே செலவின்றிப் பழுது நீக்குதல், காரைப் பயன்படுத்த முடியாத நாட்களுக்கான செலவு, மன உளைச்சலுக்கு இழப்பீடு ஆகியவற்றை முதன்மையாகவும், பழுது தீராவிட்டால் கார் மாற்றம் என்பதை மாற்று வேண்டுகோளாகவும் கேட்பதே முறை. உற்பத்திக் குறையை நிரூபிக்கும் சுமை உங்களுடையது. பிரிவு 38-இன் கீழ் காரைத் தொழில்நுட்ப வல்லுநரின் சோதனைக்கு அனுப்புமாறு புகாரோடு சேர்த்தே மனுக் கொடுங்கள். மகளை மருத்துவரிடம் காட்டியிருந்தால் அவர் எழுதிக் கொடுத்த சீட்டையும் இணையுங்கள்.

முதலில் டீலர், உற்பத்தியாளர் இருவருக்கும் பதினைந்து நாள் அவகாசம் தந்து நோட்டீஸ் அனுப்புங்கள். புகாரிலும் இருவரையும் எதிர்தரப்பாகச் சேருங்கள். ஒருவரை விட்டுவிட்டால், மற்றவர் பொறுப்பை அவர் மேல் தள்ளிவிட்டு விலகிக்கொள்வார். விலை 50 லட்சத்துக்குள் இருப்பதாலும், நீங்கள் திருச்சியில் வசிப்பதாலும், திருச்சி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே தாக்கல் செய்யலாம். கட்டணம் 200 ரூபாய். வீடியோக்களுக்கு, பாரதிய சாக்ஷிய அதினியம், 2023 என்ற சாட்சியச் சட்டத்தின் பிரிவு 63-இன்படி மின்னணு ஆவணங்களுக்குத் தரும் சான்றிதழை இணைத்துவிடுவது நல்லது. காலவரையறை இரண்டு ஆண்டுகள்; பாதுகாப்பாக, முதல் ஜாப் கார்டின் தேதியிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள்.

இதற்கிடையில் பொறுமையிழந்து வெளி மெக்கானிக்கிடம் கொடுத்து பம்பின் ரப்பர் வளையத்தை மாற்றிவிடாதீர்கள்; மாற்றினால் வாரண்டியும் சிக்கலாகும், சான்றும் போய்விடும். சர்வீஸ் சென்டரே மாற்றிக் கொடுத்தாலும், கழற்றிய பாகத்தைப் படம் எடுத்து, எந்தப் பாகம் ஏன் மாற்றப்பட்டது என்று பில்லில் எழுதி வாங்கிய பிறகே சாவியைப் பெற்றுக்கொள்ளுங்கள்.