அட்வான்ஸில் எதைக் கழிக்கலாம்? வீட்டுக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: மூன்று ஆண்டு குடியிருந்தவர் வீட்டைக் காலி செய்கிறார். சுவரெல்லாம் அழுக்கு, கூடத்தில் ஏழெட்டு ஆணித் துளைகள், படுக்கையறைக் கதவில் ஒரு பொத்தல். வீடு முழுக்க பெயிண்ட் அடிக்கும் செலவையும் புதுக் கதவின் விலையையும் அட்வான்ஸில் பிடித்துக்கொள்ளலாமா?

பதில்: முழுவதையும் பிடிப்பது நியாயமில்லை. வழக்கென்று வந்தால் நிற்கவும் நிற்காது. ஆள் புழங்குவதால் தேய்வது ஒன்று, கவனக்குறைவால் கெடுவது வேறு. சுவிட்சைச் சுற்றிப் படிந்த விரல் கறை, வெயிலில் வெளுத்த சுவர், கட்டில் உரசிய கோடு, படம் மாட்டிய சில துளைகள் எல்லாம் முதல் வகை. அதற்கும் சேர்த்துத்தான் மாதாமாதம் வாடகை வாங்கியிருக்கிறீர்கள். கதவுப் பொத்தல் இரண்டாம் வகை, அதைக் கேட்கலாம்.

கேட்கும்போதும் புதுப் பொருளின் விலையைக் கேட்கக் கூடாது. கெட்டுப்போன பொருளுக்கு இன்னும் எத்தனை ஆண்டு ஆயுள் மிச்சமிருந்ததோ அந்தப் பங்கைத்தான் கேட்கலாம். உள்சுவர் பெயிண்ட் ஐந்து ஆண்டு தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். அடித்து மூன்று ஆண்டு ஓடியிருந்தால் மிச்சம் ஐந்தில் இரண்டு பங்கு. ஒரு சுவரில் துடைத்தாலும் போகாத கிறுக்கல் இருந்தால், அந்த ஒரு சுவருக்கு ஆகும் செலவில் நூற்றுக்கு நாற்பது கேட்கலாம், வீடு முழுவதற்கும் அல்ல. பலர் சறுக்குவது இன்னோர் இடத்தில்: அவர் குடிவந்த நாளிலிருந்து எண்ணுகிறார்கள். பெயிண்ட் அடித்த நாளிலிருந்து எண்ண வேண்டும். அவர் வரும்போதே பெயிண்டுக்கு இரண்டு வயது ஆகியிருந்தால் இப்போது கேட்க எதுவும் மிச்சமில்லை. கதவைப் பொறுத்தவரை, பொத்தலை அடைத்துப் பட்டி பார்த்து வண்ணம் அடித்தால் தீரும் என்றால் அந்தக் கூலியும் பொருளும் மட்டும்தான். எதைக் கழிக்கலாம், எத்தனை நாளில் கணக்கைக் கொடுக்க வேண்டும் என்பதில் உங்கள் பகுதிச் சட்டமும் ஒப்பந்தமும் சொல்வதே முதலில். அதைப் பார்த்துவிட்டுக் கணக்கெழுதுங்கள்.

உண்மையில் இந்தத் தகராறு முதல் நாளிலேயே முடிந்திருக்க வேண்டியது. சாவி கொடுக்கும் முன், சாமான் எதுவும் உள்ளே வராத நிலையில், பகல் வெளிச்சத்தில் இருவருமாக வீட்டைச் சுற்றி வாருங்கள். ஒவ்வோர் அறையையும் நான்கு மூலையிலிருந்தும் படமெடுங்கள். ஏற்கெனவே உள்ள கீறல், விரிசல் ஒவ்வொன்றையும் பக்கத்தில் அளவுநாடா வைத்துக் கிட்டத்தில் எடுங்கள். மின் மீட்டர், தண்ணீர் மீட்டர் எண்கள் படிக்கும்படி விழ வேண்டும். சாவிகளை எண்ணி எழுதுங்கள்; அலமாரிச் சாவி, தபால் பெட்டிச் சாவி உட்பட. "சுவர் நன்றாக உள்ளது" என்று எழுதுவதால் பயனில்லை. "கிழக்குச் சுவர், ஜன்னலுக்குக் கீழே 12 செ.மீ. மயிரிழை விரிசல்" என்று எழுதினால்தான் மூன்று ஆண்டு கழித்தும் அது பேசும். இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி. காலி செய்வதற்கு இரண்டு வாரம் முன்பே ஒருமுறை இதே தாளோடு வீட்டைப் பார்த்துவிடுங்கள். அவரே சரிசெய்துவிட்டுப் போக அவகாசம் கிடைக்கும். பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும்.

கேள்வி: தண்ணீர்க் கட்டணம் திடீரென்று இரட்டிப்பாகிவிட்டது. நான் அவ்வளவு செலவழிக்கவில்லை என்கிறார் குடியிருப்பவர். எங்கும் ஈரம் தெரியவில்லை.

பதில்: அவர் சொல்வது சரியாகவே இருக்கலாம். எல்லாக் குழாய்களையும் மூடச் சொல்லி மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். வாஷிங் மெஷின் ஓடக் கூடாது, ஃப்ளஷ் இழுக்கக் கூடாது, மேல்தொட்டி நிரம்பிக்கொண்டிருக்கக் கூடாது. இரண்டு மணி நேரம் கழித்து எண் நகர்ந்திருந்தால் கசிவு உண்டு. அடுத்து வீட்டுக்குள் வரும் பிரதான வால்வை மூடிவிட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் மீட்டர் ஓடினால் கசிவு மீட்டருக்கும் வால்வுக்கும் நடுவே, பெரும்பாலும் மண்ணுக்கடியில். நின்றுவிட்டால் வீட்டுக்குள்.

உள்ளே என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கழிப்பறை ஃப்ளஷ் டேங்க். தொட்டி நீரில் உணவுக்குப் போடும் வண்ணம் சில சொட்டுகள் விட்டு, அரை மணி நேரம் யாரும் ஃப்ளஷ் செய்யாமல் விடுங்கள். பீங்கானில் நிறம் இறங்கினால் தொட்டிக்கு அடியில் உள்ள ரப்பர் மூடியோ வாஷரோ தேய்ந்திருக்கிறது. சத்தமே இல்லாமல் இரவும் பகலும் ஒழுகும் இடம் இதுதான். நிரம்பும் சத்தமும் ஓயாமல் கேட்டால் மிதவை வால்வையும் பாருங்கள். நீர்மட்டம் நடுவிலுள்ள வழிகுழாயின் வாயைத் தாண்டி வழிந்துகொண்டிருக்கும். நொடிக்கொரு சொட்டு விழும் குழாயையும் அலட்சியம் செய்ய வேண்டாம். அதுவே நாளொன்றுக்கு 20 லிட்டரைத் தாண்டும். தேய்ந்த வாஷருக்குக் குடியிருப்பவர் பொறுப்பல்ல. ஆனால் ஒழுகல் தெரிந்தும் மாதக்கணக்கில் சொல்லாமல் விட்டால் அது வேறு பேச்சு. அதனால் "கசிவு கண்டால் உடனே எழுத்தில் தெரிவிக்க வேண்டும்" என்ற ஒரு வரி ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

கேள்வி: படுக்கையறைச் சுவரில் கரும்பூஞ்சை. சுவர் ஒழுகுகிறது என்கிறார் அவர். ஜன்னலே திறப்பதில்லை என்கிறேன் நான். யார் சொல்வது சரி?

பதில்: சுவரையே கேட்டுவிடலாம். ஓரடிக்கு ஓரடி அலுமினியத் தாளைச் சுவரில் வைத்து, நான்கு ஓரங்களையும் காற்றுப் புகாமல் டேப்பால் ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பிரித்துப் பாருங்கள். அறைப் பக்கம் ஈரமென்றால் அறைக் காற்றின் ஈரம் குளிர்ந்த சுவரில் படிகிறது. சுவர்ப் பக்கம் ஈரமென்றால் ஓதம் சுவர் வழியாக வருகிறது. குழாய், வெளிப்பூச்சு, மேல்தளம் ஆகியவற்றைப் பார்ப்பது உங்கள் வேலை. பூஞ்சை இருக்கும் இடமும் ஒரு தடயம்: அலமாரிக்குப் பின்னாலும் மூலைகளிலும் மட்டும் என்றால் காற்றோட்டக் குறை, தரையிலிருந்து ஒரே மட்டமாக ஏறினால் அடி ஓதம்.

காற்றோட்டக் குறைதான் என்றாலும் பழியை முழுதும் அவர்மேல் போட வேண்டாம். குளியலறையில் காற்றை வெளியேற்றும் விசிறி இல்லாமல், துணி காயப்போட இடமும் இல்லாமல் வீட்டைக் கொடுத்துவிட்டு ஜன்னலைத் திற என்றால் எப்படி? விசிறியை நீங்கள் போடுங்கள். அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வைக்கவும், அறையின் ஈரப்பதத்தை 60 சதவீதத்துக்குக் கீழே வைக்கவும் அவரிடம் சொல்லுங்கள். அதை அளக்கச் சிறு ஈரப்பதமானி போதும். ஈரத்தின் மூலத்தை அடைக்காமல் மேலே பெயிண்ட் அடித்தால் பூஞ்சை திரும்பி வரும்.

கேள்வி: வாடகை வீட்டுக்கு எப்படிப்பட்ட குழாய் வாங்கலாம்? மலிவானதை வாங்கினால் ஆண்டுக்கொன்று போகிறது.

பதில்: பளபளப்பைப் பார்க்காதீர்கள், உள்ளே இருந்து நீரைத் திறந்து மூடும் காட்ரிட்ஜைக் கேளுங்கள். ஒற்றைக் கைப்பிடிக் குழாய்களில் பெரும்பாலும் 35 அல்லது 40 மி.மீ. செராமிக் காட்ரிட்ஜ் இருக்கும். அது தனியாகக் கிடைக்குமா என்று கேட்டு, கிடைக்கும் மாதிரியை எல்லா இடத்துக்கும் ஒன்றாகவே வாங்குங்கள். ஒரு காட்ரிட்ஜை உபரியாக வைத்திருந்தால், ஒழுகும்போது முழுக் குழாயையும் கழற்ற வேண்டியதில்லை. உடல் பித்தளையாக இருக்கட்டும். அடியில் கோண வால்வு இல்லாவிட்டால் அதையும் சேர்த்துப் போடுங்கள்; ஒரு குழாயைப் பழுதுபார்க்க வீடு முழுக்கத் தண்ணீரை நிறுத்தும் தொல்லை போகும்.

கேள்வி: ஆள் மாறும்போது வாசல் பூட்டை மாற்ற வேண்டுமா?

பதில்: கட்டாயம் மாற்றுங்கள், பழைய சாவிக்கு எத்தனை நகல் வெளியே இருக்கிறதோ தெரியாது. கதவுக்குள் பதித்த பூட்டென்றால் முழுவதையும் மாற்ற வேண்டாம், சாவி நுழையும் பாகமான சிலிண்டர் போதும். கதவின் ஓரத்தில் உள்ள நீள திருகாணியைக் கழற்றி, சாவியைச் சற்றே திருப்பி இழுத்தால் சிலிண்டர் வந்துவிடும். திருகாணித் துளையின் நடுவிலிருந்து இரு முனைகளுக்கும் தனித்தனியே அளந்து கடையில் சொல்லுங்கள். 30/30, 30/40 என்று மி.மீ. கணக்கில் கிடைக்கும். வெளிப்பக்கம் கதவுத் தகட்டைத் தாண்டி 3 மி.மீ.க்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நீட்டினால் இடுக்கியால் பிடித்து முறித்துவிடலாம்.

கேள்வி: இரண்டு மாதம் பூட்டிக் கிடந்த வீட்டில் சாக்கடை நாற்றம். யாரும் புழங்காமலே எப்படி?

பதில்: புழங்காததால்தான். தரை வடிகாலிலும் வாஷ்பேசினுக்கு அடியில் உள்ள வளைவிலும் நிற்கும் நீர்தான் சாக்கடைக் காற்றைத் தடுக்கிறது, அது வற்றிவிட்டது. ஒவ்வொன்றிலும் ஒரு வாளி நீர் ஊற்றுங்கள். மறுபடி பூட்டுவதாக இருந்தால் மேலே இரண்டு கரண்டி சமையல் எண்ணெய் விடுங்கள், ஆவியாவது குறையும். வீட்டைக் காட்டுவதற்கு முந்திய நாள் எல்லாக் குழாய்களையும் ஐந்து நிமிடம் திறந்துவிட்டுத் தேங்கிய நீரை வெளியேற்றுங்கள்.