பெயரில் எஸ்எஸ் எங்கே நிற்கிறது?

அன்புள்ள ஐயா,
இரண்டாம் உலகப்போர் பற்றிய உங்கள் கட்டுரையில் வாஃபன் எஸ்எஸ் படையை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். அது 38 டிவிஷன்கள் கொண்ட பெரும்படை என்று படித்திருக்கிறேன். அந்த டிவிஷன்கள் எப்படி அமைந்திருந்தன? அவர்களும் போர்முனைச் சிப்பாய்கள்தானே, வதைமுகாம்களை நடத்தியவர்கள் வேறு ஆட்கள் இல்லையா?
ஆர்.

அன்புள்ள ஆர்.,

ஒரு வரியில் கடந்தது என் தவறுதான். வாஃபன் எஸ்எஸ் என்பது நாஜிக் கட்சியின் எஸ்எஸ் அமைப்பு, ஜெர்மன் ராணுவத்துக்கு வெளியே தனியாக வைத்திருந்த ஆயுதப்படை. முதலில் அந்த 38. அது வரிசை எண், அவ்வளவுதான். அத்தனையும் ஒரே சமயத்தில் களத்தில் நிற்கவில்லை. 29ஆம் எண்ணை முதலில் ரஷ்யர்களுக்குக் கொடுத்தார்கள், அது கலைந்ததும் இத்தாலியர்களுக்குக் கொடுத்தார்கள். 38ஆவது, 1945 மார்ச்சில் ஒரு அதிகாரிப் பயிற்சிப் பள்ளியின் மாணவர்களை வைத்து அவசரமாகத் திரட்டியது. பேருக்குத்தான் டிவிஷன்.

டிவிஷனுக்குள் ரெஜிமென்ட், அதற்குள் பட்டாலியன், அதற்குள் கம்பெனி என்று படிப்படியாகச் சிறுத்துக்கொண்டே போகும். முழுமையாக அமைந்தவை என்றால் டாங்கி டிவிஷன்கள் ஏழைத்தான் சொல்ல வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒரு டாங்கி ரெஜிமென்ட், இரண்டு காலாட்படை ரெஜிமென்ட்கள், அப்புறம் பீரங்கி, வேவு, பொறியாளர், விமான எதிர்ப்புப் பிரிவுகள். ராணுவத்தின் டாங்கி டிவிஷனில் காலாட்படை ரெஜிமென்டுக்கு இரண்டு பட்டாலியன், இவர்களுக்கு மூன்று.

மற்றவை எங்கிருந்து வந்தன? ஜெர்மனிக்குள் யாருக்கு எத்தனை ஆள் என்று தீர்மானிப்பது ராணுவத்தின் கையில் இருந்தது. அதனால் எஸ்எஸ் தலைவர் ஹிம்லரின் ஆள்சேர்ப்பு அதிகாரி கோட்லோப் பெர்கர் வெளியே வலைவீசினார். யுகோஸ்லாவியா, ருமேனியா, ஹங்கேரியில் வாழ்ந்த ஜெர்மானிய வம்சாவளியினர், டச்சுக்காரர்கள், நார்வேக்காரர்கள், பிறகு லாட்வியர், எஸ்தோனியர், உக்ரைனியர், போஸ்னிய முஸ்லிம்கள் வரை. ரத்தத் தூய்மை பேசிய அதே ஹிம்லர்தான் 13ஆவது டிவிஷனுக்குச் சிவப்புத் துருக்கித் தொப்பியும் இமாம்களும் கொடுத்தார். ஆனால் பெயர் வைப்பதில் கறாராக இருந்தார்கள். ஜெர்மானியர் என்றால் ‘எஸ்எஸ் டிவிஷன்’. டச்சுக்காரர், நார்வேக்காரர் போல ஜெர்மானிய இனத்தவராகக் கருதப்பட்ட வெளியாட்கள் என்றால் ‘எஸ்எஸ் தன்னார்வலர் டிவிஷன்’. மற்றவர்களுக்கு எஸ்எஸ் என்ற சொல் பெயரின் கடைசிக்குப் போய்விடும், ‘எஸ்எஸ்ஸைச் சேர்ந்த ஆயுத டிவிஷன்’ என்பதுபோல. அவர்கள் எஸ்எஸ்ஸின் கீழ் சண்டை போடலாம், எஸ்எஸ் உறுப்பினர் ஆக முடியாது. வட ஆப்பிரிக்காவில் பிடிபட்ட இந்தியக் கைதிகளைக் கொண்டு அமைந்த லீஜியனும் 1944 ஆகஸ்டில் ராணுவத்திடமிருந்து இவர்கள் கைக்கு மாறியது. அது ஒரு ரெஜிமென்ட் அளவுதான், டிவிஷன் இல்லை.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. இதை எத்தனையோ பேர் நல்லெண்ணத்தோடுதான் கேட்கிறார்கள், ஆனாலும் எனக்கு மனசு பதறுகிறது. மூன்றாவது டிவிஷனின் பெயர் டோட்டன்கோப்ஃப், அதாவது மண்டையோடு. 1939இல் அதைத் திரட்டியவர் தியோடர் ஐக்கே, டாகாவ் வதைமுகாமின் தலைவராக இருந்து எல்லா முகாம்களுக்கும் கண்காணிப்பாளர் ஆனவர். முகாம் காவலர்கள்தான் அதன் அடித்தளம். திரட்டிய இடமும் டாகாவ்தான். அதற்காகக் கைதிகளைச் சில மாதங்கள் வேறு முகாம்களுக்கு மாற்றிவிட்டு, அவர்கள் இருந்த இடத்திலேயே டிவிஷனைத் தயார் செய்தார்கள். 1940 மே 27 அன்று பிரான்சில் லெ பாராடி என்ற ஊரில் சரணடைந்த 97 பிரிட்டிஷ் சிப்பாய்களை ஒரு கொட்டகைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டுக் கொன்றது இந்த டிவிஷன்தான். அப்புறம் இது ஒருவழிப் பாதையும் இல்லை. காயம்பட்டுப் போர்முனைக்கு லாயக்கில்லாமல் போனவர்கள் முகாம் காவலுக்கு வந்தார்கள், அங்கிருந்தவர்கள் போர்முனைக்குப் போனார்கள். 1946இல், நாஜித் தலைவர்களை விசாரித்த நியூரம்பர்க் நீதிமன்றத்தின் தீர்ப்பு வாஃபன் எஸ்எஸ்ஸையும் சேர்த்தே குற்ற அமைப்பு என்றது. கட்டாயத்தின் பேரில் சேர்க்கப்பட்டு, குற்றம் எதுவும் செய்யாதவர்களுக்கு மட்டும் விலக்கு.

முகாமோடு சம்பந்தமில்லாத டிவிஷன் என்றால்? இரண்டாவது டிவிஷனான தாஸ் ரைஷை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு ரெஜிமென்ட், அதில் முதல் பட்டாலியன், அதிலும் ஒரே ஒரு கம்பெனி, 1944 ஜூன் 10 பிற்பகல் ஒராதூர் சுர் க்ளான் என்ற பிரெஞ்சு ஊருக்குள் நுழைந்தது. ஆண்களைக் கொட்டகைகளிலும் பெண்களையும் குழந்தைகளையும் தேவாலயத்திலும் அடைத்தார்கள். அன்று இறந்தவர்கள் 640க்கும் மேல். எரிந்த அந்த ஊரை பிரான்ஸ் இன்றும் அப்படியே விட்டுவைத்திருக்கிறது.