பாறைக்குட்டைகளை எண்ணுவது எப்படி? சில கேள்விகள், என் பதில்கள்

கடல் வற்றியதும் கரையோரப் பாறைகளில் தேங்கி நிற்கும் குட்டைகளைப் பதினாறு வருடமாகப் பருவத்துக்குப் பருவம் போய்க் கணக்கெடுத்து வருகிறேன். அதைப் பற்றிக் கேட்டவர்களுக்கான பதில்கள் இவை.

அக்கா, வருடத்துக்கு ஒரு தடவை போனால் போதாதா? நான்கு தடவை எதற்கு?

ஒரு தடவைதான் முடியும் என்றால் அதையே ஒழுங்காகச் செய்யுங்கள். ஆனால் ஒவ்வொரு வருடமும் அதே மாதத்தில் போக வேண்டும். நான்கு தடவை போகச் சொல்வதற்குக் காரணம், குட்டை அவ்வளவு மாறும். பாறையில் சுண்ணாம்புக் கூடு கட்டி ஒட்டி வாழுமே, அந்தக் கொட்டலசின் குஞ்சுகள் வந்து ஒட்டும் பருவத்தில் உள்ளங்கை அகலத்தில் நூற்றுக்கணக்கில் இருக்கும். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் நத்தை தின்றது, வெயிலில் காய்ந்தது, ஒன்றையொன்று நெருக்கித் தள்ளியது போகக் கொஞ்சம்தான் மிஞ்சியிருக்கும். முதலில் மட்டும் பார்த்தவர் 'அமோகமாக இருக்கிறது' என்பார். பிறகு மட்டும் பார்த்தவர் 'அழிந்துவிட்டது' என்பார். இரண்டுமே அந்தக் குட்டையின் வழக்கமான வருடம்தான். அந்த வழக்கம் தெரிந்தால்தான் அதற்கு மீறி ஏதாவது நடக்கும்போது கண்ணில் படும்.

பருவத்தை நாட்காட்டி பார்த்து வகுக்காதீர்கள். உங்கள் கரையில் அலை எப்போது மூர்க்கமாகிறது, மழைநீர் எப்போது கலக்கிறது, பாசி எப்போது தழைக்கிறது என்று பார்த்து வகுங்கள்.

எந்த நாள், எந்த நேரம் போவது?

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி, பெரும்பாலும் ஓரிரு நாள் தள்ளி, கடல் நன்றாக வற்றும். கடல் ஏறி இறங்கும் நேரங்களைச் சொல்லும் ஓத அட்டவணையில், நீர் மிகவும் இறங்கியிருக்கும் தாழ்வு நேரத்தைப் பார்த்துவிட்டு, அதற்கு இரண்டு மணி நேரம் முன்பே இறங்குங்கள். தண்ணீர் இறங்க இறங்க நீங்களும் கீழே போகலாம். அது திரும்ப ஏறத் தொடங்கியதும், வேலை பாதியில் இருந்தாலும் கிளம்பிவிட வேண்டும். தாழ்வு நேரம் மறுநாள் சுமார் 50 நிமிடம் தள்ளி வரும், மிச்சத்தை அப்போது முடிக்கலாம்.

தனியாகப் போக வேண்டாம். ஒருமுறை கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தேன். அலை என்னைப் புரட்டிப் போட்டு முழங்கையைக் கிழித்துவிட்டது. அதிலிருந்து ஒருவர் எண்ணினால் இன்னொருவர் கடலையே பார்த்துக்கொண்டிருப்பார்.

பாறை மேல் சதுரச் சட்டம் வைத்து, அதற்குள் இருப்பதை எண்ணச் சொல்கிறார்கள். பாசியை எப்படி எண்ணுவது?

பாசியை எண்ண முடியாது, எவ்வளவு இடத்தை மூடியிருக்கிறது என்றுதான் அளக்க முடியும். 50 செ.மீ. பக்கமுள்ள சட்டத்தில் குறுக்கே 10, நெடுக்கே 10 நூல் கட்டினால் நூல்கள் சந்திக்கும் இடங்கள் 100 கிடைக்கும். ஒவ்வொன்றுக்கும் நேர் கீழே என்ன இருக்கிறது என்று எழுதுங்கள். 37 இடத்தில் பச்சைப் பாசி என்றால் 37 சதவீதம். கொட்டலசுக்கும் நெருக்கமாக அப்பியிருக்கும் மட்டிக்கும் இதே முறைதான். நகரும் நத்தை, நண்டு, நட்சத்திர மீன் இவற்றைத் தலை எண்ணிக்கையாக எடுங்கள்.

சட்டத்தை எங்கே வைப்பது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். கை தானாகவே கடல் சாமந்தி விரிந்திருக்கும் அழகான மூலைக்குப் போகும். அதனால் இடங்களைக் கிளம்பும் முன்பே குலுக்கிப் போட்டு முடிவு செய்யுங்கள்.

குட்டை சிறியது என்றால் சட்டமே வேண்டாம், முழுக் குட்டையையும் எண்ணிவிடலாம். குட்டையின் நீளம், அகலம், ஆழம், நீரின் வெப்பம், உப்பின் அளவு, அப்புறம் மறக்காமல் மணி, இவ்வளவையும் குறியுங்கள். பகலில் பாசியின் ஒளிச்சேர்க்கையால் குட்டையில் ஆக்சிஜன் ஏறும். இரவில் எல்லா உயிர்களும் சுவாசிப்பதால் இறங்கிவிடும். நண்பகலில் அளந்ததையும் விடியுமுன் அளந்ததையும் மணி குறிக்காமல் ஒப்பிட்டால் எதுவும் விளங்காது.

பெயர் தெரியாத உயிர் இருந்தால்?

ஊகித்து எழுதாதீர்கள். 'நத்தை, கூம்பு வடிவம், வகை அ' என்று எழுதி, பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். தவறான பெயரைவிட இது எவ்வளவோ மேல்.

போன தடவை பார்த்த அதே மீன்கள்தான் இப்போதும் இருக்கின்றன என்று தோன்றுகிறது. அப்படி இருக்குமா?

இருக்கலாம். கடல் ஏறியதும் வெளியே போய்விட்டுத் தன் குட்டைக்கே திரும்பும் மீன்கள் உண்டு. உளுவை இனத்துச் சிறு மீன் ஒன்றைப் பற்றி 1951-இல் லெஸ்டர் ஆரோன்சன் என்ற ஆய்வாளர் எழுதியது எனக்கு இன்றைக்கும் வியப்புதான். தொந்தரவு செய்தால் அது பக்கத்துக் குட்டைக்குத் தாவும், தாவும் இடம் அதன் கண்ணுக்குத் தெரியாமலேயே. நீர் உயர்ந்திருக்கும்போது பாறைகளின் மேல் நீந்திப் பள்ளம் மேடுகளை நினைவில் வைத்துக்கொள்கிறது. ஆகவே முதலில் அசையாமல் நின்று மீன்களை எண்ணுங்கள், பிறகு குனியுங்கள். நிழல் விழுந்தாலே ஒளிந்துவிடும்.

தேடிப் பார்த்தும் ஒன்றுமே இல்லை என்றால் தாளில் அதற்கான கட்டத்தைக் காலியாக விடலாமா?

கூடாது, பூஜ்யம் போடுங்கள். காலியாக இருந்தால் 'பார்க்கவில்லை' என்று பொருள். 2013-இல் தொடங்கி வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் நட்சத்திர மீன்கள் உடல் சிதைந்து பெருவாரியாக மடிந்தன. அதற்கு விப்ரியோ பெக்டெனிசிடா என்ற பாக்டீரியாவை ஆய்வாளர்கள் அடையாளம் கண்டது 2025-இல்தான். காரணம் தெரியாத அத்தனை வருடமும் எங்கே, எப்போது, எவ்வளவு குறைந்தது என்று சொல்ல உதவியது, முன்பிருந்தே எண்ணி வைத்த எண்கள். பூஜ்யங்களும் அதில் சேர்த்தி.

ஒரே சட்டத்தில் நான் 14 நத்தை என்கிறேன், நண்பர் 19 என்கிறார்.

சண்டை வேண்டாம், இருவரும் சேர்ந்து மறுபடி எண்ணுங்கள். ஒவ்வொரு பருவத்திலும் முதல் இரண்டு சட்டங்களை இப்படிச் சேர்ந்தே எண்ணிப் பழகினால் வித்தியாசம் குறையும். எண்ணியது யார் என்பதையும் தாளில் குறியுங்கள்.

வரைபடத்தில் இடத்தைக் குறித்தால் போதுமா? பாறையில் அடையாளம் வேண்டுமா?

முடிந்தால் இரண்டும் வேண்டும். பாறையில் எதையாவது அடிக்க வேண்டுமென்றால் முன்அனுமதி வாங்குங்கள். கலிபோர்னியாவின் மான்டெரே விரிகுடாவில் 1931 முதல் 1933 வரை வில்லிஸ் ஹெவாட் என்ற மாணவர் கரையிலிருந்து கடலை நோக்கி ஒரு கோடு வகுத்து, அதன் மேல் இருந்த உயிர்களைச் சதுரம் சதுரமாக எண்ணினார். பாறையில் அவர் பதித்த பித்தளை ஆணிகளை வைத்து, அறுபது வருடம் கழித்து 1993, 94-இல் வேறு சிலர் அதே சதுரங்களைக் கண்டுபிடித்து மறுபடி எண்ணினார்கள். அதற்குள் அங்கே கடல்நீர் சூடாகியிருந்தது. தெற்கிலுள்ள வெதுவெதுப்பான கடல்களுக்குரிய இனங்கள் 9-இல் 8 பெருகியிருந்தன. குளிர்ந்த வடக்குக்குரிய 8 இனங்களில் 5 குறைந்திருந்தன. ஹெவாட் எண்ணியபோது வெப்பமாதல் அவர் மனதிலேயே இருந்திருக்காது.

கல்லைப் புரட்டிப் பார்க்கலாமா? அடையாளம் காண ஓரிரு கிளிஞ்சல் எடுத்து வரலாமா?

ஒரு கையால் தூக்க முடிகிற கல் என்றால் மெதுவாகப் புரட்டி, பார்த்ததும் முன்பிருந்தபடியே வைத்துவிடுங்கள். அடிப்பக்கத்து உயிர்கள் வெயிலில் சில நிமிடங்களிலேயே வாடும். இடுக்குகளில் வெறுங்கையை விடாதீர்கள். நீலவளைய ஆக்டோபஸ், கூம்புச் சங்கு போன்றவற்றின் விஷம் ஆளைக் கொல்லும். கிளிஞ்சலைப் படம் எடுத்துவிட்டு அங்கேயே விடுங்கள். உள்ளே எதுவும் இல்லை என்றாலும், வளர்ந்து பழைய கூடு பற்றாமல் போன துறவி நண்டு ஒன்று அதைத் தேடி வரும்.